இடம் என்ற சொல்லும் ஒரு பாறை இடுக்கும்

என் மகனின் வீடு ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் உள்ளது. அதன் கீழ்த்தளத்தில் எனக்கென ஓர் அறை ஆயத்தமாகி ஓராண்டாகிறது. மனைவி மறைந்தபின் டோர்செட் பார்க் அடுக்குமாடியில் நான் தனித்து வாழ்வது அவனுக்குப் பொறுக்கவில்லை. எனக்கோ, வாயிலில் இறங்கினால் நூலகமும் மரக்கறிக் கடையும் பேருந்தும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. ஊர்தி செலுத்த நான் கற்றதில்லை. ஸ்ரௌவ்வில்லில் ஊர்தியின்றி ஒரு தீப்பெட்டியும் வாங்க இயலாது.

இந்த இழுபறிக்கிடையில், நீண்ட வாரவிடுமுறை ஒன்றில் நெவாடாப் பாலைநிலத்துக்குச் செல்வோம் என்றான். பழைய வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப்புறம். கரட்டுத் தடங்களில் ஏறவல்ல ஊர்தியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அவனது நெடுநாள் விருப்பம். உடன்பட்டேன். ஊர்தியின் கதவைச் சாத்தி இருக்கைப் பட்டியை மாட்டிய பின்னரே அழைப்பின் நோக்கம் எனக்குப் புலனாயிற்று.

“வீட்டில இடம் இருக்கு, அப்பா. பேஸ்மன்ற் எண்டாலும் நல்ல வெளிச்சம்.”

“றோட்டைப் பார், தம்பி.”

“றோட்டே இல்லையே, அப்பா.”

உண்மைதான். வறண்ட ஓடையின் படுகையே எங்கள் வழியாக இருந்தது. இருமருங்கும் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் மஞ்சள் மேடுகளாய்க் கிடந்தது. கூரையற்ற கற்சுவர்கள் சில நின்றன. ஒரு சுரங்க வாயிலருகே இறங்கினோம். வாயிலை இரும்புக் கம்பிகளால் அடைத்திருந்தார்கள். வௌவால்கள் போய்வரவும் மனிதர் புகாதிருக்கவும் அளந்து பொருத்தியவை அக்கம்பிகள் என அறிவித்தற் பலகை கூறிற்று. உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

“வௌவாலுக்குப் பேஸ்மன்ற் பிடிச்சிருக்கு, பாத்தியளோ,” என்றான் மகன்.

அங்கிருந்து மேலேறும் தடம் இரு பாறைச் சுவர்களுக்கிடையே குறுகிச் சென்றது. மகன் ஊர்தியை ஊர விட்டான். வலப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டான். சாளரத்தால் எட்டிப் பார்த்தேன். பாறை என் முழங்கையளவு தொலைவில் இருந்தது; மேலும் நெருங்கியது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் தொழிலில் முதிர்ந்தவன் நான். திசை சொல்ல இடம், வலம் என்பனவன்றிப் பிற சொற்கள் என் நாவில் எழுவதில்லை.

“இடம், தம்பி. இடம், இடம்,” என்றேன்.

அவன் தயக்கமின்றி வலப்பக்கம் திருப்பினான். இடப்புறச் சக்கரம் ஒரு கல்மேல் ஏறிற்று. ஊர்தி சாய்ந்து, என் கதவு பாறையோடு ஒட்டிக்கொண்டது. அவன் கதவும் மறுபுறப் பாறையில் இடித்துத் திறக்க மறுத்தது.

“இடம் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

“இடப்பக்கம் திருப்பெண்டெல்லோ சொன்னனான்.”

“லெஃப்ட் எண்டு சொல்லியிருந்தா இப்ப கோப்பி குடிச்சுக்கொண்டிருப்பம்.”

“இடம் எண்டாலும் அதுதான். அகராதியைப் பார்.”

“அகராதி கொண்டுவரேல்லை. சவல்தான் கொண்டுவந்தனான்.”

இருக்கைகளுக்கு மேலாகத் தவழ்ந்து, மண்வாரியுடன் பின்கதவால் வெளியேறினான். என் முழங்கால்கள் அதற்கு இசையா. என் மூக்குக்கு நேரே பாறை. கைபேசிக்குத் தொடர்பு கிட்டவில்லை. வெளியே அவன் கல்லைக் குத்துவதும் மூச்சிரைப்பதும் கேட்டன. தண்ணீர் அருகிலிருந்தது, இருக்கை மெத்தென்றிருந்தது, குறை ஏதுமில்லை. ஆயினும் கதவின் கைப்பிடியை நான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். வெயில் பாறையின் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்தக் கீழ்த்தள அறை என் நினைவில் வந்து நின்றது.

கல்லை ஒருவாறு அகற்றி, அச்சக்கரத்தின் காற்றையும் சற்று இறக்கியபின் ஊர்தி நிமிர்ந்தது. மகன் பின்கதவால் மீண்டும் தவழ்ந்து வந்தான். பின்னோக்கி எடுக்க வேண்டும்.

“இனி லெஃப்ட், ரைற் எண்டே சொல்லுங்கோ, அப்பா. உங்களைக் கும்பிட்டன்.”

அச்சொற்களை என் நா ஏற்கவில்லை. “சோத்துக்கைப் பக்கம் முட்டுது,” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோற்றுக்கையாலும் மற்றக் கையாலும் ஊர்தி அங்குலம் அங்குலமாய் வெளியேறிற்று.

சமதரைக்கு வந்ததும் இறங்கி நடந்தேன். காரணமின்றிச் சிறிது தொலைவு போய்த் திரும்பி வந்தேன். மீண்டும் ஏறியமர்ந்தபோது அவன் மெல்லத் தொடங்கினான்: “அப்ப, வீட்டு அலுவல்...”

“உதுக்குள்ளயும் இடம் இருந்தது, தம்பி. கதவுதான் திறக்கேல்லை.”

அவன் ஊர்தியைக் கிளப்பினான். மலை கண்ணுக்கு மறைந்தது.

“எங்கட தெருவுக்கு பஸ் விடப்போறாங்களாம்,” என்றான் பிறகு.

“பஸ் வரட்டும். நானும் வாறன்.”

திங்கள் மாலை ரொறன்ரோ திரும்பி டோர்செட் பார்க் வாயிலில் இறங்கினோம். மின்தூக்கி பழுது என்னும் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. மகன் அதைப் படித்தான். என் முழங்கால்களைப் பார்த்தான். என் வீடு ஏழாம் மாடியில். என் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படிக்கட்டின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

“இந்தாங்கோ, கதவு திறக்குது,” என்றான்.

கைப்பிடியைப் பற்றி ஏறத் தொடங்கினேன்.