டீச்சர் பார்க்காமல் இறங்கிய மலை

தென்காசியில் ஒரு பள்ளிவாசலின் வாசலில் கரும்பலகை வைத்திருக்கிறார்கள். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் நின்று வாசிக்கிற பழக்கம் எனக்கு இந்த இரண்டு வருடமாக இருக்கிறது. அன்று காலையும் நின்றேன். “சுலைமான் அவர்களின் மனைவி ரஹ்மத் பீவி வபாத். நல்லடக்கம் இன்று மாலை.” ஓரிடத்திலும் தடுக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. எதிரே டீக்கடையில் நின்ற காஜாவைக் கூப்பிட்டு, “ஏலே, ஒரே மூச்சுல வாசிச்சிட்டேன் பாத்தியா? வபாத்துன்னா என்னலே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

காஜா டீ ஆற்றுவதை நிறுத்தினான். “மௌத்து ஆயிட்டாங்கன்னு அர்த்தம் அண்ணாச்சி. யாரும் சொல்லலியா? அது உங்க டீச்சருல்லா.”

அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லித் தந்த எழுத்தை வைத்துத்தான் அவருடைய சாவைச் சிரித்துக்கொண்டே வாசித்திருக்கிறேன். டீச்சர், டீச்சர் என்று இத்தனை நாள் கூப்பிட்டவரின் பெயர் ரஹ்மத் பீவி என்பதும் அந்தப் பலகையில் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு டீச்சர் எழுதப் படிக்கச் சொல்லித் தந்த மாலை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் நான். பெயர் சுடலைமுத்து. முதல் நாள் வேலை முடிந்து அப்படியே வகுப்புக்குப் போனேன். சிலேட்டு கையில் நிற்கவில்லை. பலப்பம் இழுத்த இடமெல்லாம் எண்ணெய். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த வயதில் இது தேவையா என்று எழுந்துவிட்டேன். டீச்சர் சிலேட்டை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தார். “எழுத்து உங்களுக்கு வழுக்கல அண்ணாச்சி, எண்ணெய்தான் வழுக்குது. உக்காருங்க” என்றார். மறுநாள் குழாயடியில் ஒரு டப்பாவில் சீயக்காய்த்தூள் இருந்தது. யாருக்கு என்று அவர் சொல்லவே இல்லை. மங்குஸ்தான் பழம் விற்கிற மாடத்தி, “ஏ அண்ணாச்சி, உம்ம புண்ணியத்துல நாங்களும் கை கழுவுதோம்” என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பாள்.

எல்லாருக்கும் கையெழுத்துப் போட வந்த பிறகு, டீச்சர் ஒரு நாள் மலைக்குப் போகலாம் என்றார். பண்பொழிக்கு அந்தப் பக்கம் மலைமுகட்டில் ஒரு பழைய கல்மண்டபம் நிற்கிறது. அந்தக் காலத்தில் மலையாள தேசத்துக்குத் தலைச்சுமையோடு போனவர்கள் மழைக்கு ஒதுங்கி, சோறு பொங்கித் தின்று, இரவு தங்கிய இடம். “கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எங்க மொட்டை மாடியில துணி காயப்போடும்போதெல்லாம் அதப் பாக்குதேன். பொட்டு மாதிரி தெரியும். அங்கனேருந்து பாத்தா நம்ம ஊரு எப்படித் தெரியும்னு பாக்கணும்” என்றார். ஆளுக்கொரு நோட்டு. மேலே உட்கார்ந்து, கண்ணில் தெரிகிற ஊர், குளம், கோயில் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அதுதான் அன்றைய பாடம். வனத்துறையிடம் அவரே நடையாக நடந்து அனுமதி வாங்கினார்.

வழி தெரிந்தவன் நான் என்பதால் என்னை முன்னால் போகச் சொன்னார். டீச்சருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் மாடத்திக்கு முட்டு வலி என்பதால் அவளோடு கடைசியில் வந்தார். “மொத ஆளுக்கு வழி தெரிஞ்சாப் போதும். கடைசி ஆளுக்குத்தான் துணை வேணும்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் நிற்கவில்லை. விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டேன்.

மண்டபத்தில் யாரும் இல்லை. காற்று வேட்டியைப் பிடுங்கிற்று. கீழே செங்கோட்டை வயல்கள், அதற்கப்பால் தென்காசிக் கோபுரம், வெள்ளித்தட்டுகளாகக் குளங்கள், சுரண்டைப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் எழுத்து தெரிந்தது. கை பரபரத்தது. நோட்டு பைக்குள் இருந்தது, பை பின்னால் வருகிறவர்களிடம் இருந்தது. ஒரு கூர்க்கல்லை எடுத்தேன். தூணில் சுடலைமுத்து என்று ஆழமாகக் கீறினேன். தள்ளி நின்று பார்த்தேன். என் பிறப்பிலேயே அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பிறகு எல்லாரும் வந்தார்கள். டீச்சர் முகமெல்லாம் வேர்த்து, படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து மூச்சு வாங்கினார். பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. “அண்ணாச்சி, நீங்கதான் மொதல்ல வந்தது. அந்த போர்டை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க” என்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தேன். “இது பழமையான மண்டபம். தூண்களிலும் சுவர்களிலும் பெயர் எழுதக் கூடாது.”

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் ஏறியது. மாடத்தி அதற்குள் தூணைப் பார்த்துவிட்டாள். “சுடலைமாடசாமிக்கே இப்படிக் கல்லுல பேரு கிடையாது, இவருக்குக் கிடச்சிட்டு!” எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் எழுந்து வந்து தூணைப் பார்த்தார். அவர் முகம் முதலில் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அது சுருங்கியதையும் பார்த்தேன். “எழுத்து அவ்வளவும் சரியா இருக்கு. இடந்தான் தப்பு” என்று மெதுவாகச் சொன்னார்.

கூட வந்த வனக்காவலர் சும்மா விடவில்லை. “இதுக்குத்தான் எழுதச் சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர்? உங்கள நம்பி விட்டதுக்கு எனக்கு இது வேணும். எல்லாரும் இறங்குங்க. இப்பமே இறங்குங்க.”

“எழுதச் சொல்லிக் குடுத்தவ நான். எங்க எழுதக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்காதவளும் நான்தான். திட்டுறத என்னைத் திட்டுங்க” என்றார் டீச்சர். காவலர் திட்டினார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். டீச்சர் என்னைவிட இருபது வயது இளையவர். நான் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

மூச்சு அடங்குவதற்குள் இறங்கினோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. டீச்சர் படியில் உட்கார்ந்தபோது தலையைக் குனிந்திருந்தார். எழுந்து தூணைப் பார்த்தார். பிறகு காவலரைப் பார்த்தார். கீழே திரும்பி ஊரைப் பார்க்கவே இல்லை. எத்தனையோ வருடம் மாடியிலிருந்து ஆசைப்பட்டு, ஏறியும் வந்து, பார்க்காமலே இறங்குகிறார். “டீச்சர், நீங்க ஒண்ணையுமே பாக்கலியே” என்றேன்.

“பாத்தேன்லா. உங்க பேரைப் பாத்தேன்” என்றார். “மழை முடியட்டும். மறுபடி கேட்டு வாங்கி வருவோம்.”

மழை முடிந்தபோது அவருக்கு மூச்சுத்திணறல் கூடிவிட்டது. வகுப்புக்கு வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார், அவ்வளவுதான். அவர் என்னை ஒரு நாள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

அடக்கத்துக்குப் போய் நானும் ஒரு பிடி மண் போட்டேன். பிறகு அந்த வனக்காவலரைத் தேடிப் போய், திட்டு எனக்கு வர வேண்டியது என்று சொன்னேன். “டீச்சர் இறந்துட்டாங்களா?” என்று கேட்டார். அப்புறம், “கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி எல்லாரையும். எழுத்து நோட்டுல மட்டும்” என்றார்.

அடுத்த மாதம் போகிறோம். வழி காட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பாதை இப்போது எல்லாருக்கும் தெரியும், முட்டு வலி தேறிய மாடத்தியே முன்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவர்களோடு நான் கடைசியில் வருவேன். டீச்சர் நடந்த இடம் அது. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்த இடத்தை மட்டும்தான்.