"உங்கட அம்மா என்ன குடி?"

வெயிலில் கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் ஒரு வாசம் இருக்கும்... இளகின பிளாஸ்டிக்கும் முந்தாநாள் வியர்வையும் சேர்ந்து. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே நான் பாலம் கட்டினேன். கூட இருநூறு பேர் நின்றார்கள் என்பது சின்ன விஷயம்.

அந்தக் கம்பனியில் மனிதருக்குத் தரம் ஹெல்மெட் நிறம். வெள்ளை என்றால் கதிரை, நீலம் என்றால் நிழல், மஞ்சள் என்றால் வெயில்.

எங்கள் மண்டூரில் வேறு கணக்கு. "என்ன குடி?" என்று கேட்பார்கள். குடி என்றால் தாய்வழியில் வருகிற வம்சம். கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதுவரை அதுதான் தீர்மானிக்கும்.

நான் கட்ட இருந்த பெண்ணின் தாய்க்கு மூன்றாவது கணக்கு.

"வெயிலில நிக்கிறவருக்கு என்ட பிள்ளையத் தர ஏலாது மனே. நிழலில ஒரு வேலை எடுத்திட்டு வாங்க, கதைப்பம்."

ஸ்டோர் கீப்பர் வேலை காலியானது. நீல ஹெல்மெட்... தலைக்கு மேல் ஃபேன். நேர்முகத்துக்குப் பறந்தே போனேன்.

சூப்பர்வைசர் தமிழ்நாட்டுக்காரர், ஊர் மன்னார்குடி. பக்கத்தில் கிளார்க் றபீக், காத்தான்குடி. எல்லாம் கேட்டு முடித்து, சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா, நீங்க என்ன ஆளு?"

"நல்ல ஆள்தான் சேர். மண்டூரில ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அது சாதியைக் கேட்கிற கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய மனிதர் விசாரிக்கும்போது நானும் விசாரிக்காவிட்டால் மரியாதை இல்லையே...

"சேர் என்ன குடி?"

அவர் முகம் மாறியது. "அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது."

குடியே இல்லாத மனிதரா? பாவமாக இருந்தது. மறந்துபோயிருப்பார், எடுத்துக்கொடுப்போம் என்று நினைத்தேன்.

"சரி சேர், உங்கட அம்மா என்ன குடி?"

அவர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்த சத்தம் கல்முனைவரை கேட்டிருக்கும். ஃபேன், நீல ஹெல்மெட், கல்யாணம்... மூன்றும் வாவிக்குள் இறங்குவதைக் கண்ணால் கண்டேன்.

றபீக்தான் குறுக்கே வந்தார். "கோவிக்காதீங்க சேர். உங்கட மன்னார்குடியில இருக்கிற குடிதான் இது. இஞ்ச குடும்பத்துக்குச் சொல்றது, தாய்வழியால வாறது. எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் இருக்கு."

சூப்பர்வைசர் கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக முன்னுக்குச் சாய்ந்தார்.

"அப்போ... அதுல எது ஒசந்தது?"

"எங்கடதான்" என்றேன். அதே பதிலுக்கு வாயைத் திறந்த றபீக், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வேலை கிடைத்தது. பெண்ணும் கிடைத்தாள்.

இப்போது எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். போன கிழமை வந்த தரகரிடம், தொண்டையைச் செருமிக்கொண்டு குடிப் பெருமையை ஆரம்பித்தேன்... உலகம் உண்டான நாளிலிருந்து. அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது கிடக்கட்டும் அண்ணன். பிள்ளை ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் சோதனையில எத்தினை எடுத்தவ? வெளிநாட்டு மாப்பிள்ளமார் அதத்தான் கேக்கிறாங்க."

அந்தக் காலத்தில் என் தரத்தை நானே சொல்லிக்கொள்ள முடிந்தது...

இப்போது அறைக்குள் போய் மகளிடம் எத்தனை என்று கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன்.