காதுக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

என் அத்தானைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். மெதுவாகிப்போன கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனால் அவர் முதலில் திரையைப் பார்க்க மாட்டார். "கொஞ்சம் எல்லாரும் பேசாம இருக்கீங்களா?" என்பார். டிவியை நிறுத்தச் சொல்வார். பிறகு தரையில் மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பார். வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவர் எழுந்து, "விசிறியில தூசி அடைச்சிருக்கு, சூடாகுது" என்றோ "டிஸ்க் திணறுது" என்றோ சொல்வார். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

நான் அவர் மனைவியின் தம்பி. கடையில் போன் எடுப்பது, பில் போடுவது, வாடிக்கையாளரிடம் சண்டை பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் அவர் வேலை செய்யும் அழகைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருந்தார்கள். "ஒரு வாசலுக்கு ரெண்டு காவல்காரன். ஒருத்தன் இன்னொருத்தனைத் திருடன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கறான். அப்புறம் எப்படிங்க வேலை நடக்கும்?" என்றார். ஆன் செய்ததும் தானாக எழுந்து உட்காரும் வேண்டாத புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் தூங்க வைப்பார். எதையும் கேட்காமல் அழிக்க மாட்டார். "இது யாரோடது? அழிச்சிடலாமா?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். நமக்குப் பொறுமை போய்விடும்.

இப்படி ஊர் வீட்டுக் கம்ப்யூட்டரையெல்லாம் ஓட வைத்த மனிதரின் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டர் நொண்டிக்கொண்டிருந்தது. அது அவர் மகளுடையது. அவளுக்கு நான் வைத்த பெயர் வாயாடி. மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஒருவர் பேசப் பேச உடனே இன்னொரு மொழியில் சொல்லும் வேலை. அதற்காக நாள் முழுக்க அறையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிப் பழகுவாள். ஒருநாள் தலை வலிக்கிறது என்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவள் எழுந்து போன நிலையிலேயே அத்தான் அந்தக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டார். அவள் திறந்து வைத்திருந்த பக்கங்கள் திரையில் அப்படியே இருந்தன. "யாரும் தொடாதீங்க, ஆஃப் பண்ணாதீங்க. டிஸ்க் பழசு, நிறுத்தினா திரும்ப எழுந்திருக்காது" என்றார். கரண்ட் போனால் தாங்குவதற்குக் கடையிலிருந்த நல்ல பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். அதன் பிறகு அந்த அறைக்குள் அவர் காலடி வைக்கவில்லை.

அக்கா வைத்தாள். அத்தானும் நானும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் அறைக்குள் போய் உட்கார்ந்து மகளோடு பேசுவாள். இதை ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பேசறேன்னா? யார்கிட்டக்கா பேசறே?"

"அவகிட்டதான். அவ கேக்கறாடா. நான் பேச ஆரம்பிச்சதும் விளக்கு எரியுது. நிறுத்தினா அணையுது."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. வந்து பார் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். திரையின் தலையில் ஒரு சின்ன கேமரா ஒட்டியிருந்தது. நாற்காலியின் முதுகில் வாயாடியின் துப்பட்டா கிடந்தது. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, "நீயே பேசிப் பாரு" என்று ஜாடை காட்டினாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா வந்திருக்கேன்" என்றேன். கேமராவின் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. நான் வாயை மூடினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அது அணைந்தது. பட்டப்பகலில், தெருவில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்தவன் நான். அப்புறம் அக்காவைத் திட்டும் யோக்கியதை எனக்கு ஏது?

அத்தானிடம் சொல்லவும் பயம். சொன்னால் பிடுங்கி எறிந்துவிடுவாரோ என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்படியே மாதங்கள் ஓடின. பிறகு ஒருநாள் கடைக்கு போன் வந்தது. அக்காதான் பேசினாள்.

"இன்னிக்கு அவ வரலைடா. எவ்வளவு நேரமா கூப்பிடறேன், விளக்கு எரியல. எலி அசைய மாட்டேங்குது. கம்ப்யூட்டர் செத்துடுச்சு போலிருக்கு. அவரைக் கூட்டிட்டு வா."

எலி என்றால் மவுஸ். வாயாடி அப்படித்தான் சொல்வாள். இனி மறைத்துப் பயனில்லை. வரும் வழியில் அத்தானிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நேராக அந்த அறைக்குள் போனார். வழக்கம்போல் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அழுகிறாரோ என்று பார்த்தேன்; கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சாகல. டிஸ்க் நிரம்பி வழியுது. மூச்சு விட இடம் இல்லை" என்றார். அவர் சொல்லி முடித்ததும் பச்சை விளக்கு தாமதமாக எரிந்தது. "இதோ, இதோ!" என்றாள் அக்கா.

அத்தான் விளக்கைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே எதையோ திறந்தார். ஒவ்வொரு சொடுக்குக்கும் திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் ஒரு பட்டியல் விரிந்தது. ஆயிரக்கணக்கில் ஒலிப்பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதியே பெயர்.

"இது நான் போட்டுக் குடுத்ததுதான்" என்றார். "பேசிப் பழகறதைப் பதிவு பண்ணிக் கேக்கணும்னு அவதான் சொன்னா. ஒவ்வொரு வாட்டியும் பட்டனை அமுக்கச் சோம்பேறித்தனம். கேமராவுக்குள்ளயே மைக் இருக்கு; சத்தம் கேட்டா தானா பதிவாகும், சத்தம் நின்னா தானா நிக்கும். அதான் அந்த விளக்கு."

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். "அப்போ அவ கேக்கலையா?"

பட்டியலின் மேலேயே அத்தானின் பார்வை நின்றுவிட்டது. எல்லாம் அவள் போன பிறகு உள்ள தேதிகள். அக்காவின் மத்தியானங்கள். உச்சியில் மட்டும் அவள் இருந்த காலத்துப் பதிவுகள் இரண்டு.

"டிஸ்க் நிரம்பினா மெதுவாகுமேன்னு, இடம் பத்தலைன்னா ரொம்பப் பழசை அழிச்சிடுன்னு நான்தான் இதுக்குச் சொல்லி வெச்சேன்" என்றார். "யாரையும் கேக்காம அழிக்கச் சொல்லியிருக்கேன்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. தொடாமல் விட்டால் மகள் பத்திரமாக இருப்பாள் என்று அவர் நினைத்தார். பேசினால் கேட்பாள் என்று அக்கா நினைத்தாள். அக்கா பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் இடம் விட்டு, மகளின் குரல் ஒவ்வொன்றாக வெளியே போயிருக்கிறது. அக்காவுக்கும் அது புரிந்தது. "ஐயோ" என்று ஒரே ஒரு சொல்தான் அவள் வாயிலிருந்து வந்தது. நாங்கள் மூவரும் ஊமையானோம். விளக்கு அணைந்தது. பட்டியலின் உச்சியிலிருந்து ஒரு வரி காணாமல் போனது.

இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அத்தான் உதட்டில் விரலை வைத்தார். ஊர் முழுக்க வீட்டுக்காரர்களைப் பேசாமல் இருக்கச் சொன்ன மனிதர், சொந்த வீட்டில் அதை வாய் திறந்து சொல்ல முடியாமல் எங்களைக் கும்பிட்டார். அக்கா புடவை முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் புரோகிராமை நிறுத்தச் சொல்லி மெல்ல அழுத்தினார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒயரைப் பிடுங்கிப் பெட்டியையே நிறுத்திவிடலாம் என்றால், அந்தப் பழைய டிஸ்க் மறுபடி எழுமா என்று யாருக்குத் தெரியும்? தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது. அது எங்கள் வாசலில் நின்றுதான் மணியடிக்கும். மணி நெருங்கி வந்தது. அத்தானின் கை மவுஸின் மேல் அப்படியே விறைத்துக் கிடந்தது. அந்தக் கோழைத்தனத்தை நான் மன்னிக்கிறேன்; என் கால்களும் அப்படித்தான் இருந்தன.

அக்காதான் நகர்ந்தாள். முந்தானையைக் கடித்தபடியே வெறுங்காலில் நடந்து போய், கேமராவின் ஒயரைப் பிடித்து உருவி எடுத்துவிட்டாள். இத்தனை மாதம் அவள் முகம் பார்த்துப் பேசிய அந்தப் பச்சைக் கண் அவள் கையில் தொங்கியது.

வாசலில் குப்பை வண்டி வந்து மணியடித்தது. அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். மகள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அத்தான் அந்தப் பதிவைப் பென் டிரைவில் ஏற்றினார், இன்னொன்றிலும் ஏற்றினார், என் போனிலும் ஏற்றினார். அதற்கு மேல் ஏற்ற அவரிடம் எதுவும் இல்லை என்ற பிறகுதான் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள். ஓட விட்டார்.

நாற்காலி கிறீச்சிடும் சத்தம். பிறகு எங்கள் வாயாடி.

"அப்பா, இது ரொம்ப மெதுவா இருக்குப்பா. ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போறீங்க, என்னுதைப் பாக்க மாட்டீங்களா?"

எங்கோ தள்ளி, கூடத்திலிருந்து, டிவி சத்தத்துக்கு நடுவே அத்தானின் குரல்: "நாளைக்குப் பாக்கறேன்டா."

"உங்க நாளைக்கு என்னிக்குப்பா வரும்?" ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

அத்தான் பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தூசியைத் துடைத்தார். அக்காவின் மத்தியானங்களைக் காட்டி, "அழிச்சிடலாமா?" என்று அவளைக் கேட்டார். "வேண்டாம், அதையும் நீங்களே வெச்சுக்கோங்க. ஒருநாள் கேளுங்க" என்றாள். அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். கடையிலிருந்து புது டிஸ்க் வரவழைத்து மாட்டினார். விளக்கு வைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. பட்டனை அழுத்தியதும் திரை சட்டென்று விழித்துக்கொண்டது; அவ்வளவு வேகத்தை அந்த அறையில் நான் பார்த்ததே இல்லை.

"பாத்துட்டேன்டா" என்றார் அத்தான், நாற்காலியிடம்.

திரையின் தலையில் கேமரா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அது தெரிந்தும், நாங்கள் மூவரும் பேசாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.