மஞ்சள் மாத்திரையும் நிறைந்த பாட்டிலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தேன். விமானத்தில் நகைப்பையை மேலே வைக்கச் சொன்னார்கள், வைத்துவிட்டேன். மாத்திரைப் பொட்டலத்தை மட்டும் கடைசிவரை கையை விட்டு இறக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வைத்தியம் பார்த்தவரை டிரஸ்ஸர் என்போம். டாக்டருக்கு ஒரு படி கீழே இருப்பவர், எங்கள் கணக்கில் கடவுளுக்கு ஒரு படி கீழே. கல்யாணத்துக்கு முன்னால் என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, குட்டி குட்டியாக மஞ்சள் மாத்திரைகள் தந்தார். "தினம் ஒன்னு போடு. நிப்பாட்டிடாதே." எதற்கென்று சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குக் கேள்வி கேட்க வெட்கம். பதிலை நானே கற்பனை செய்துகொள்ள வெட்கமே இல்லை. இருதயத்துக்குத்தான் என்று முடிவு கட்டினேன்.

தாம்பரத்தில் மாத்திரை தீர்ந்துகொண்டே வந்தது. கடைசி ஒன்றை விழுங்க மனமில்லாமல் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். நிறுத்திய சில நாளிலேயே தலை சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான், இருதயம் கணக்கை முடிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கணவர் விடிவதற்குள் மறைமலை நகர் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுவார். அவரிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாமென்று தனியாக மருந்துக்கடைக்குப் போனேன்.

"மாத்திரை பேரு இன்னாம்மா?"

"பேரு தெரியாதுங்க. மஞ்சளா, சின்னதா இருக்கும்."

"மஞ்சளா? கடையில பாதி மஞ்சளாத்தான் கீது. எந்த மஞ்சளு?"

கைக்குட்டையிலிருந்ததைக் காட்டியிருக்கலாம். வாங்கி உடைத்துப் பார்த்துவிட்டால்? உயிரில் மிச்சமிருப்பதே அந்த ஒன்றுதானே! மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாத்தனார்தான் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லேடி டாக்டர் இருப்பதாகவும், மறுநாள் காலையில் கூட்டிப்போவதாகவும் சொன்னாள். "போம்போது ஒரு பாட்டில் எடுத்துக்கங்க அண்ணி" என்றாள்.

பாட்டில் எதற்கென்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் கிளினிக்கில் உள்ளே நுழைந்ததும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துப் பின்பக்கக் கழிவறைக்கு அனுப்புவார். இங்கே வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும் போலிருக்கிறது, நல்ல ஒழுங்கான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் பழைய டானிக் பாட்டிலைக் கழுவி, நிரப்பி, மூடி, பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தேன்.

கிளினிக்கில் கம்பவுண்டர் ஜன்னல் திண்டின்மேல் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பதிலாகப் பாட்டில்கள் க்யூவில் நிற்கும். இருமல் மருந்து பாட்டில், தேன் பாட்டில், யாரோ ஒருவருடைய குவார்ட்டர் பிராந்தி பாட்டில்கூட. எல்லாமே காலி. பாவம், இனிமேல்தான் போவார்கள் போல என்று எண்ணி, என்னுடையதைப் பெருமையாகக் கடைசியில் வைத்தேன்.

கம்பவுண்டர் வந்தார். "யாருது இது? ஏற்கெனவே மருந்து வாங்கிகினு திரும்ப வரிசையில வச்சிகீறீங்க?" பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆட்டினார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயே!"

"அண்ணி!" நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "இன்னாத்த ஊத்திகினு வந்தீங்க?"

"எல்லாரும் கொடுக்கணும்தானே லா?" பதற்றத்தில் மலேசிய 'லா' தானாக ஒட்டிக்கொண்டது.

"மிக்சர் ஊத்திக் குடுக்கத்தான் காலி பாட்டிலு அண்ணி! மருந்து நமக்கு அவரு குடுப்பாரு. நீங்க அவருக்குக் குடுக்கறீங்களே!"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பில் அதிர்ந்தது. பிராந்தி பாட்டில்காரர் எழுந்து தன் பாட்டிலை இரண்டு இடம் தள்ளி வைத்தார். "என்னுதுல கலந்துடப்போறாரு சார், எனக்கு வெறும் வயித்து வலிதான்" என்று அவர் சொன்னதும் இன்னொரு அலை. எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். வந்ததோ சிரிப்பு. நின்ற இடத்தில் தலை சுற்ற, நாத்தனார் தோளில் சாய்ந்து சிரித்தேன்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வரிசையை விட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தலை சுத்தல் எத்தனை நாளா? காலைல வாந்தி வர மாதிரி இருக்கா?"

"இருக்குங்க. இந்த ஊரு தண்ணி ஒத்துக்கலைன்னு நினைச்சேன்."

"மாசா மாசம் குளிக்கிறது தள்ளிப்போயிருக்கா?"

அதற்கும் தண்ணீர் மேல்தான் பழியைப் போட்டிருந்தேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே குரல் கொடுத்தார். "அதைக் கொட்டிடாதீங்க! பக்கத்து லேபுக்கு அனுப்புங்க. காலையில முதல்ல போனது, நல்லதாப் போச்சு."

கம்பவுண்டர் பாட்டிலை இரண்டு விரலால் பிடித்துச் சாமி ஊர்வலம் போலத் தூக்கிப் போனார். பெஞ்சிலிருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். நாங்கள் டீ குடித்துத் திரும்புவதற்குள் லேப் சீட்டு வந்துவிட்டது. டாக்டரம்மா வாய் திறக்கும் முன்பே பெஞ்சில் ஒரு அக்கா, "இன்னாம்மா, பாட்டிலு சொல்லிடுச்சா?" என்றாள்.

சொல்லிவிட்டது. நான் சாகப்போவதில்லை. எனக்குள் ஒரு பிள்ளை.

"ஆனா டாக்டர், என் இருதயம்?" கைக்குட்டையை அவிழ்த்துக் கடைசி மாத்திரையை நீட்டினேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் தட்டிச் சிரித்தார். "இது ரத்தம் ஊறத் தர மாத்திரைம்மா. உங்க இருதயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்ப குழந்தைக்காக நானே இதைத்தான் எழுதப்போறேன்."

திரும்பும் வழியில் அதே மருந்துக்கடை. சீட்டைப் படித்த கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து என் முன் கவிழ்த்தார். குட்டி குட்டியாக, மஞ்சளாக.

"இதாம்மா அன்னிக்கு நீ கேட்ட மஞ்சளு?"

"இதேதான்!" கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போகக் காத்து நிற்கும்போது எனக்குப் புதிதாக ஒன்று தோன்றியது.

"ஏம்மா, இவ்வளவு மஞ்சள் மாத்திரை சாப்பிட்டா பிள்ளை மஞ்சளாப் பிறந்துடாதா?"

"சும்மா வாங்க அண்ணி, உங்களால எனக்குத் தலை சுத்துது" என்றாள் நாத்தனார்.

"ஐயோ, உனக்குமா!" என்றேன். கேட் திறந்த பிறகும் நாங்கள் சிரித்து முடிக்கவில்லை.