ஒரு லோடு பீச்

பெண் பார்க்கப் போன இடத்தில், "புள்ளைக்கு என்ன ஆசை?" என்று பெருந்தன்மையாகக் கேட்டேன். "கடல் பாக்கோணுங்க" என்றாள். நகை, பட்டு என்று கேட்டிருந்தால் சாக்குச் சொல்லியிருப்பேன். கடல்தானே, லாரிக்காரனுக்கு என்ன கஷ்டம்? அடுத்த மாதமே காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய்க்கு டீசல் போட வேண்டியதில்லை, எவ்வளவு தூரமும் ஓடும்.

கல்யாணம் முடிந்தது. லாரி நாக்பூர் வரை போனது. கடல் பக்கம் மட்டும் லோடு அமையவில்லை. கொஞ்ச நாளில் அவள் கடலைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டினவன் வெறும் வாய்ச்சவடால் என்று முடிவு கட்டிவிட்டாளோ என்று பயமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசியில் பனமரத்துப்பட்டி ஏரி நிரம்பி வழிந்தது. பார்க்கச் சனம் திரண்டது. எங்கள் லாரிக்காரர் புத்தி ஒன்றுதான்: எது குறைந்தாலும் ஒரு லோடு அடித்துவிடுவது. இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, கடலாக என்ன குறைச்சல்? மணல். மோகனூர் ஆற்று மணலைக் கொண்டுவந்து கரையில் கொட்டி, மண்வெட்டியால் பரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போய், "இதுதான் புள்ள பீச்சு" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தாள்.

"ஏனுங்க, அலை எப்பங்க வரும்?"

"காத்தடிச்சா வரும்."

அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை.

அவள் நம்பாவிட்டாலும் ஊர் நம்பியது. கரையில் டீக்கடை போட்டிருந்தவர் 'பீச் டீ ஸ்டால்' என்று பலகை மாட்டினார். சுண்டல் வந்தது, துப்பாக்கியால் பலூன் சுடும் கடைக்காரன் வந்தான். அவர்கள் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். குடிசைக்காரர்களுக்குச் சுவர் எழுப்பும் ஆசை வந்ததும் என் பீச் கூடை கூடையாகக் குறைந்தது. "எங்கய்யா மணல்?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "ஊட்டுக்குள்ள வாங்க, காட்டறேன்" என்று தன் வீட்டுப் புதுச் சுவரைத் தட்டிக் காட்டினார். பிறகு ஏரி வற்றி, உள்ளே சோளம் விதைத்தார்கள். ஆனாலும் பஸ் கண்டக்டர் அந்த இடம் வந்ததும் "பீச்செல்லாம் எறங்கு" என்றுதான் கத்துவார். அந்தக் குடியிருப்பின் வரலாற்றை யாராவது எழுதினால், ஸ்தாபகர் நான்தான். ஸ்தாபகர் வீட்டுக்கு மட்டும் அப்போதும் மண்சுவர்.

எண்பதுகளில் ஒருவழியாகக் கடலூருக்கு லோடு கிடைத்தது. அவளையும் கேபினில் ஏற்றிக்கொண்டு, அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் வழியாகப் போனேன். வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். என் பேச்சை நம்பி விழித்திருக்க அவளுக்கென்ன பைத்தியமா?

கடற்கரையில் இறங்கியதும் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பார்த்தாள். "ஏனுங்க, இத்தன மணலு கெடக்குது, ஒருத்தரும் அள்ளிட்டுப் போவலீங்களே!" என்றாள். அந்தக் கேலிக்கு நான் தகுதியானவன்தான். அசடு வழியச் சிரித்தேன்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒரு பெரிய அலை வந்து இடுப்புவரை நனைத்தது. தடுமாறி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

"அலை இப்பத்தானுங்க வருது" என்றாள்.