என் மடிக்கு வராத டைகர்

போன வாரம் என் மகள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். அரியலூரில் எங்கள் தெருமுனையில் கிடந்ததாம். வந்ததும் அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியதுதான், ஆளைக் கண்டாலே நடுக்கம். மகள் செல்போனில் ஏதேதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டில் சட்டம் போட்டாள். “யாரும் அதப் பாக்கக் கூடாது. கூப்புடக் கூடாது. அதுவா வரும். அப்பா, முக்கியமா உங்களுக்குத்தான் சொல்றேன்.” நானும் நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை அது மெல்ல வெளியே வந்தது. வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் புடவையை மோந்தது.

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் சிரிக்கலாம். தலை நரைத்த மனுஷன், சொந்தமாக உரக்கடை வைத்திருக்கிறவன், ஒரு சாண் நாய்க்குட்டி பெண்டாட்டியிடம் போனதற்கு வயிறு எரிகிறானே என்று. ஆனால் இந்த எரிச்சல் எனக்குப் பழைய சிநேகிதம். பெரம்பலூரில் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்திலேயே எனக்கும் அதற்கும் நல்ல பழக்கம்.

அப்போது பெரம்பலூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தேன். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊர், கேட்க வேண்டுமா. சீசனில் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. விவசாயிகள் புழு விழுந்த காயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். மருந்துப் பெட்டிகளை இறக்குவது, அடுக்குவது, கசிந்த டப்பாவைப் பிரித்து வைப்பது எல்லாம் என் வேலை. புதிதாகக் கடைக்குள் வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு ஒரு வாடையும் தெரியாது. அந்தத் தொழிலில் முதலில் சாகிறது மூக்குதான். ஒரே காக்கிச் சட்டையை வாரம் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன், அழுக்கு தெரியாத நிறம் என்ற பெருமை வேறு.

அறையில் என்னோடு தங்கியிருந்தவன் சகாயம். வரதராஜன்பேட்டைக்காரன், தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். நல்லவன், தங்கமானவன். அதுதான் எனக்குப் பிடிக்காது. மெஸ்ஸில் சாப்பிடப் போனால் எனக்குக் குழம்பு ஊற்றுகிற அக்கா, அவன் இலையில் கேட்காமலே ஒரு ஆம்லெட்டை வைப்பார். “சகாயம் தம்பி எளைச்சுப் போச்சே” என்பார். அவன் என்னைவிடக் குண்டு. வீட்டுக்காரம்மாவின் பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஓடும், அவனைப் பார்த்தால் தோளில் ஏறும். எனக்கென்று ஒரு ஜீவனாவது வாலாட்டட்டும் என்ற வீம்பில்தான் நாய் வளர்க்க ஆசைப்பட்டேன்.

வேப்பந்தட்டையிலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர் வெங்காயச் சாக்கில் போட்டு ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. “காட்டுலயே பொறந்து காட்டுலயே கெடந்ததுங்க. மனுச வாடையே தெரியாது. பக்குவமா பாத்துக்கங்க” என்றார். சாக்கை அறையில் அவிழ்த்ததும் அது சகாயத்தின் கட்டிலுக்கடியில் ஓடி, மூலையில் ஒன்றுக்குப் போய், அதிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கு நான் வைத்த பெயர் டைகர்.

எல்லாச் செலவும் என்னுடையது, எல்லாப் பாடும் என்னுடையது. டீக்கடையில் பொறை வாங்கிப் பாலில் ஊறவைத்து, குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியில் கையை நீட்டி, “டைகர், டைகர், வாடா கண்ணு” என்று கொஞ்சுவேன். அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. என் கைலியை நனைத்துவிட்டு மறுபடி மூலைக்கு ஓடிற்று.

“நீ ஏன்டா அதையே மொறைச்சுப் பாத்துட்டுக் கெடக்குற? கண்டுக்காம இரு, அதுவா வரும்” என்றான் சகாயம்.

“நீ பேசாம பேப்பர் திருத்துடா” என்றேன்.

அவன் பேசாமல்தான் திருத்தினான். தரையில் பாய் விரித்து, காலை நீட்டி, தன்பாட்டுக்குச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தான். நாய் என்று ஒன்று அறையில் இருப்பதே அவனுக்கு ஞாபகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வருகிறேன், டைகர் அவன் தொடையில் தலைவைத்துத் தூங்குகிறது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் விழித்தது. என்னைப் பார்த்தது. ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

எனக்கு எப்படியிருந்திருக்கும், சொல்லுங்கள். பொறை என்னுடையது, பால் என்னுடையது, மூத்திரம் துடைத்தது நான். மடி மட்டும் அவனுடையதா? அன்றைக்கே ஒரு விதி போட்டேன், டைகருக்குச் சோறு நான் மட்டும்தான் வைப்பேன் என்று. சகாயம் சரியென்று தலையாட்டினான். நான் வைப்பேன், நான் வெளியே போகும்வரை அது காத்திருக்கும். நான் போனதும் வந்து தின்றுவிட்டு, வாயைத் துடைக்க அவன் மடிக்குப் போகும்.

நாளாக ஆக அதற்கு எல்லோரும் பழகிவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் பேரப்பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் பேசாமலிருந்தது. பால்காரரின் சைக்கிளை நக்கியது. மெஸ் அக்கா ஒருநாள் எலும்பு கொண்டுவந்து, “இம்புட்டுச் சாதுவான குட்டிய நான் பாத்ததே இல்லப்பா” என்று அதன் வயிற்றைச் சொறிந்தார். கரண்டு பில் எடுக்க வந்தவரிடம்கூடப் போய்க் குழைந்தது. ஊரே அதற்குச் சொந்தம். நான் ஒருத்தன்தான் அன்னியன்.

ஒரே ஒரு நாள் வந்தது. தீபாவளி. சகாயம் ஊருக்குப் போயிருந்தான். கடைக்கு லீவு. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் சரவெடி வெடித்தது. கட்டிலுக்கடியிலிருந்து டைகர் வந்தது. என் கால் விரலை மோந்தது, முழங்காலை நக்கியது, அப்படியே சட்டைக்குள் தலையைச் செருகிக்கொண்டது. நான் மூச்சு விடவில்லை. கால் மரத்துப்போனது, பசித்தது, எழுந்திருக்கவே இல்லை. அன்று முழுக்க அது என்னோடு கிடந்தது. அவ்வளவு சந்தோஷமான தீபாவளி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், சாயங்காலம் ஆசையாகத் திரும்பி வந்தேன். சகாயமும் ஊரிலிருந்து வந்திருந்தான். டைகர் என்னைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடியது. எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். இவன் இல்லாவிட்டால் அது என்னிடம் வருகிறது, இவன்தான் குறுக்கே நிற்கிறான். அவன் ஆசையாக நீட்டிய அதிரசத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருஷம் சகாயத்துக்கு அவன் ஊர்ப் பக்கமே அரசாங்க வேலை கிடைத்தது. வீட்டுக்காரம்மாவும் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கடை மாடியில் ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தது, நாய்க்கு இடமில்லை.

“டைகர நான் கூட்டிட்டுப் போவட்டுமா? உனக்கு மனசில்லன்னா வேணாம்டா” என்றான்.

“என்கிட்ட எதுக்குக் கேக்குற? அதுகிட்டயே கேளு” என்றேன்.

அவன் பைக்கை உதைத்தான். டைகர் தாவி பெட்ரோல் டேங்க்மேல் ஏறி, அவன் இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடைக்குப் போய், கணக்குப் பார்க்காமல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி அரியலூர் வந்த புதிது, அங்கேயும் மருந்துக் கடை வேலைதான். வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்தேன், மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “தெருவுல வரும்போதே மருந்து வாட கொமட்டுது. அந்தச் சட்டையக் கழட்டி வெளியவே போட்டுட்டு வாங்க, குளிச்சிட்டு அப்பறம் கிட்ட வாங்க.” நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எத்தனை நாள் அந்தச் சட்டையோடு கட்டிலுக்கடியில் கையை நீட்டிக் கொஞ்சியிருப்பேன்! ஒரு பூச்சிமருந்துக் கடையே குனிந்து வந்து “வாடா கண்ணு” என்றால் எந்தக் குட்டிதான் வரும்?

பிழைப்பு ஓட்டத்தில் வரதராஜன்பேட்டைக்குப் போய் டைகரைப் பார்ப்பது அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய்விட்டது. தன் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு அழைக்க சகாயமே ஒருநாள் வந்தான். டைகர் வயசாகிச் செத்துப்போய்விட்டது என்றான். கொய்யா மரத்தடியில் புதைத்தானாம். நான் சட்டைக் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. காபி டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நான் ஸ்கூல் வுட்டு வரும்போது தெனம் அது உன் கைலியக் கொடியிலேர்ந்து இழுத்துப் போட்டு, அதுலதான்டா சுருண்டு படுத்திருக்கும். மூஞ்சிய அதுக்குள்ள பொதைச்சுக்கும். நான் கூப்புட்டாத் தலையக்கூடத் தூக்காது. நீ வர்றதுக்குள்ள கைலிய உதறித் திரும்பக் கொடியில போட்டுருவேன். அப்பறந்தான் என் மடிக்கு வரும்.”

“ஏன்டா சொல்லல?”

“பொறாமதான்டா. வேறென்ன.”

எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவனை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னேன். தலை எந்தப் பக்கம் வைத்திருக்கும், மடங்கின காது மேலே இருக்குமா கீழேயா, தூக்கத்தில் கால் உதறுமா என்றெல்லாம் கேட்டேன். அவனும் வாத்தியார் அல்லவா, பொறுமையாகச் சொன்னான்.

அந்த அறை இருந்த இடத்தில் இன்று மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. மெஸ் அக்கா எங்கே போனார் என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. எங்கள் போனில் அன்று கேமராவும் கிடையாது, டைகரின் படம் என்று ஒன்றுகூட இல்லை. என் கைலியில் முகம் புதைத்து அது தூங்கியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவன் உலகத்திலேயே சகாயம் ஒருத்தன்தான். அந்தப் பாவியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.