மரக்கறித் தட்டில் டியூலிப்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு என் மகள் ஒரு கரண்டி சின்ன வெங்காயக் குழம்பை ஊதி என் வாயில் வைத்தாள். என் இரண்டு கையிலும் மண். மார்ச் முடிகிற நேரம், ஆக்லாந்தில் இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. வாடிப்போன செவ்வந்தியைப் பிடுங்கிவிட்டு, காலையில் ஏவன்டேல் சந்தையில் வாங்கிய பான்சி நாற்றுகளை வேலியோரம் நட்டுக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டதும் அப்படியே குசினி வாசலுக்கு வந்திருந்தேன்.

"கொஞ்சம் கசக்குது. வெந்தயம் கூடிட்டுதோ?"

"நோ அம்மா, நீங்கள் போடுற அளவுதான். நான் ஒரு கோப்பை சாப்பிட்டிட்டன். எனக்கு ஓகே."

பதினைந்து வயதில் அவள் தனியாகச் சமைத்த முதல் குழம்பு. "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் உரித்த தோல் கிடந்தது. சின்ன வெங்காயத்தின் தோல் ஊதா கலந்த சிவப்பு. இது மண்ணிறம்.

கை கழுவாமலே ஃப்ரிஜைத் திறந்தேன். மரக்கறித் தட்டில் வெங்காயப் பை வாய் மடித்தபடியே இருந்தது. பக்கத்தில் இருந்த மற்றப் பையைக் காணவில்லை.

அதில் இருந்தவை டியூலிப் கிழங்குகள். ஆக்லாந்து மண் அவ்வளவு குளிராது. ஆறேழு கிழமை ஃப்ரிஜில் வைத்துவிட்டு மே மாதம் நட்டால்தான் இங்கே ஒழுங்காகப் பூக்கும். காற்றுப் போகட்டும் என்று, கடையில் தந்த உறையை எறிந்துவிட்டு, வெங்காயம் வாங்கி வந்த பழைய கடதாசிப் பையில் அவற்றைப் போட்டவள் நான். பெயர் எழுதவில்லை. அவை நஞ்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை.

"எத்தனை போட்டனி?"

"எல்லாம். பன்னிரண்டு இருந்தது. வொய்?"

"அது வெங்காயமில்லை. டியூலிப்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தோட்டத்தில நடுறதை ஆராவது மரக்கறித் தட்டில வைப்பினமோ, அம்மா?"

நஞ்சு பற்றிக் கேட்கும் தொலைபேசி எண்ணை அழைத்தேன். எத்தனை கிழங்கு, எப்போது சாப்பிட்டாள் என்று ஒருவர் நிதானமாகக் கேட்டார். அந்த நிதானத்தைத் தாங்க முடியவில்லை. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் தொட்டிக்குள் வாந்தியெடுத்தாள். பிறகு, "மூச்சு முட்டுது" என்றாள். கிழங்கா, பயமா? எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் இருந்தவர் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

கூப்பிட்டுவிட்டு, தரையில் அவளை மடியோடு அணைத்தபடி இருந்தேன். அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் என் மண் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. வாழ்நாள் முழுக்க இதையே சொல்லிச் சிரிப்பார்."

"ஓம், சொல்லமாட்டன். நீ மூச்சை மட்டும் விடு."

அப்பா வேலை முடிந்து வந்து சிரிக்கும்போது இவள் இருக்கவேண்டும். அதைத் தவிர வேறெதுவும் என் தலையில் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தவள் ஓர் இளம்பெண். நான் புலம்புவதைக் கேட்டுத் தமிழிலேயே பேசினாள், மலேசியத் தமிழ். மகளின் விரலில் கருவியை மாட்டி, நெஞ்சில் காது குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"பயப்படாதீங்கக்கா. மூச்சு நல்லா இருக்கு. வாந்தியும் எடுத்துட்டா. எதுக்கும் டாக்டர் ஒரு தடவ பார்த்துடட்டும்."

நான் அழத் தொடங்கினேன். அந்த இளம்பெண் எழுந்து, என் முகத்தருகே குனிந்தாள்.

"உங்க உதட்டுல என்னக்கா மஞ்சளா இருக்கு? நீங்களும் சாப்டீங்களா?"